நின்று கேட்டது

எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு தப்பட்டை தொங்குகிறது. பறை என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். எங்கள் பக்கத்தில் தப்பட்டைதான். வட்டமாக வளைத்த மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். சட்டத்தின் ஓரம் ஓரிடத்தில் கருகியிருக்கும். தோலின் நடுவுக்குச் சற்றுக் கீழே, என் நாலு விரலும் நுழைகிற மாதிரி ஒரு கிழிசல். எங்கள் தப்பட்டைக் குழுவை நிகழ்ச்சிக்குப் பேச சேலத்திலிருந்து வருகிறவர்கள் காப்பியைக் கையில் வாங்கியதும் அதைத்தான் பார்ப்பார்கள். “காட்டெருமை குத்துனதுங்களா?” என்று கேட்பார்கள். யாரோ அப்படிக் கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். போட்டோ எடுப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் எழுந்து போய், “ஒரு தட்டு தட்டிப் பாக்கலாமுங்களா?” என்று கையை நீட்டுவார். வேண்டாமுங்க என்று தடுத்துவிடுவேன். செத்துப்போனவளின் பொருள், அதனால்தான் தொடவிடவில்லை என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அது என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரருக்கு அக்கா, புருஷனோடு எங்கள் வீட்டிலேயே இருந்தவள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வெள்ளக்கடைப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. வாயைத் திறப்பதற்கு முன்னால் கையை ஓங்கிவிடுகிற ஆள். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் பெண் ஒருத்தியின் இடுப்பைக் கிள்ளிய ஒருவனைச் செருப்பால் அடித்தாள். அவன் காது கிழிந்து ரத்தம் வடிந்த பிறகுதான் செருப்பைக் காலில் போட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னையும் அடித்திருக்கிறாள், ரசத்தில் உப்பு அதிகம் என்று. நானும் சும்மா வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. ரசச் சட்டியை அவள் காலடியிலேயே போட்டு உடைத்தேன். அன்றைக்குத்தான் அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது என்று பின்னால் சொன்னாள்.

அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், தப்பட்டை அடிப்பவர். அவர் அதைக் கையில் எடுத்தால் எங்கேயோ யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்ற நாட்களில் அந்தத் தப்பட்டையும் யார் கண்ணிலும் படக்கூடாது, அவரும் படக்கூடாது. அவர் போன பிறகு அது பரணில் கிடந்தது. ஒரு மே மாதம் டவுனில் மலர்க் கண்காட்சி பார்க்கப் போனோம். காலேஜ் பெண்கள் சிலர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, தோளில் தப்பட்டையை மாட்டி, ஆடிக்கொண்டே அடித்தார்கள். ஜனம் கை தட்டியது. அண்ணி கை தட்டவில்லை.  வீடு வந்ததும் பரணில் ஏறி அப்பன் தப்பட்டையை இறக்கினாள். அவள் புருஷன் குடித்திருந்தான். “பொம்பள தப்பட்டை எடுத்தா ஊடு வெளங்குமா?” என்று பிடுங்கி அடுப்பில் போட்டான். அவள் வெறுங்கையை நெருப்புக்குள் விட்டு அதை வெளியே இழுத்தாள். இழுத்த வேகத்திலேயே அதன் சட்டத்தால் அவன் மண்டையில் போட்டாள். அவனுக்குத் தையல் போட வேண்டியதாயிற்று, அவள் உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. சட்டத்தின் ஓரம் கருகியது அன்றைக்குத்தான்.

அப்படித்தான் எங்கள் குழு ஆரம்பித்தது. லைன் வீட்டுப் பெண்கள் சேர்ந்தோம். போனில் பார்த்தும், அப்பன் கையை நினைவில் வைத்து அண்ணி அடித்துக் காட்டியதைப் பார்த்தும் கற்றுக்கொண்டோம். தாளம் பிசகினால் மூங்கில் குச்சியால் விரல் முட்டியில் சுள்ளென்று ஒன்று விழும். மலையில் இதை அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மூடுபனி இறங்கினால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். பாயைத் தட்டியது போல் பொத் பொத் என்றுதான் கேட்கும். அதனால் பக்கத்திலேயே நெருப்பு எரிய வேண்டும். கொஞ்ச நேரம் அடிப்பது, நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவது, மறுபடி அடிப்பது. எங்கள் லைனை ஒட்டி எஸ்டேட் காப்பி காயப்போடுகிற களத்தில், கவாத்து பண்ணி வெட்டிப்போட்ட காப்பிக் குச்சிகளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, வேலை முடிந்த சாயங்காலங்களில் பழகினோம். களத்துச் சுவருக்குக் கீழே ஓடைச் சேறு. ஆளுயரப் புல்.

காதுகுத்து, கல்யாணம், ஸ்கூல் ஆண்டுவிழா, எஸ்டேட் பொங்கல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டார்கள் என்பதற்காகக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. பந்தலுக்கு வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நிற்கச் சொல்வார்கள். நாங்கள் வியர்வை சொட்ட அடித்துக்கொண்டிருப்போம், அவர்கள் பந்தியில் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காதுகுத்தில் மாப்பிள்ளை முறுக்கோடு ஒருவன் வந்து எங்கள் பெண்ணின் தோளிலிருந்து தப்பட்டையை இழுத்தான். அண்ணி அடிக்குச்சியால் அவன் கழுத்தெலும்பில் ஒன்று வைத்தாள். நாற்காலிகள் பறந்தன. மண்டை உடைந்து ஜீப்பில் ஏறித் தப்பித்து வந்தோம். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள், உதட்டில் ரத்தத்தோடு.

அந்தச் சமயத்தில்தான் அது வந்தது. ஒற்றைக் காட்டெருமை. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. நின்றால் முதுகு களத்துச் சுவருக்கு மேலே தெரியும். முதலில் தப்பட்டைச் சத்தம் கேட்டதும் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடியது. எல்லாக் காட்டெருமையும் ஓடும். இந்த மலையில் பயிர்க்காரர்கள் அதை விரட்டுவதே தப்பட்டையால்தான். ஆனால் நாங்கள் தினமும் அடித்தோம். அதற்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கொஞ்ச நாளில் தூரத்தில் நின்று பார்த்தது. பிறகு கிட்டே வந்தது. கடைசியில் சுவரை ஒட்டி நின்று அசை போட ஆரம்பித்தது. நாங்கள் தோலைக் காய்ச்ச நிறுத்தினால் தலையை நிமிர்த்தும். பெண்கள் அதற்குப் பெரியவரு என்று பேர் வைத்தார்கள். அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டி, சேற்றைப் பார்த்து நின்று அடிக்கத் தொடங்கினாள். “பாரு புள்ள, நிறுத்துனா நிமுந்து பாக்குது” என்பாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் வாட்ச்மேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. “ஏக்கா, அது தப்பட்டைக்கு ஓடோணும். இதுக்கு ஓடலீன்னா வேற எதுக்கு ஓடும்?” என்றார். “நீ போயி கேட்டைப் பாருடா” என்று அனுப்பிவிட்டாள்.

ஓடைக்கு அக்கரையில் மலைக்கார விவசாயி ஒருவரின் நிலம். கேழ்வரகு, ஆரஞ்சு, கொஞ்சம் காப்பி. காவல் பரணில் அவர்களும் ஒரு பழைய தப்பட்டையைத்தான் வைத்திருந்தார்கள், மாடு விரட்ட. ஒரு சாயங்காலம் அவர் களத்துக்கு வந்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். “ஏனுங்க மேஸ்திரியம்மா, நீங்க பழகறத வேற பக்கம் வச்சுக்கப்படாதுங்களா? அந்த மாடு சத்தத்துக்கு நொம்பப் பழகிப்போச்சுங்க. பரண்ல நாங்க தட்டுனா ஓடறதில்லீங்க, நின்னு பாக்குது.”

நல்லபடியாகப் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நிறுத்து என்ற சொல் அவளுக்கு ஆகாது. “எங்கப்பன் இருந்தவரைக்கும் செத்தாத்தான் தப்பட்டை வேணும் உங்களுக்கெல்லாம். இப்ப நாங்க சந்தோசமா அடிச்சா அதையும் நிறுத்தோணுமா? உங்க காட்டுக்கு வேலி போட்டுக்குங்க” என்றாள். “நான் அப்படிச் சொல்லலீங்க” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது, கேட்கவில்லை.

கேழ்வரகு முற்றிய சமயம், விடிந்தும் விடியாத நேரம். வேலைக்குப் பேர் கொடுக்க நின்றுகொண்டிருந்தோம். அக்கரையிலிருந்து தப்பட்டைச் சத்தம் வந்தது. வேகமாக, தாறுமாறாக. அண்ணி காதைச் சாய்த்துக் கேட்டு, “யாருடி அது, தாளம் இழுக்குது” என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். சத்தம் நின்றது. நாங்கள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தோம். அந்த விவசாயியின் மனைவி பரணில் நின்று தட்டியிருக்கிறாள். அது அசையவில்லை. கிட்டே போய்த் தட்டினால் ஓடும் என்று இறங்கிப் போயிருக்கிறாள். அது வயிற்றில் குத்தித் தூக்கி எல்லைக்கல்மேல் போட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது குடலைச் சேலைக்குள் திணித்துக் கட்டியிருந்தார்கள். தப்பட்டை அவள் கையோடு கிடந்தது.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் வந்தார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து சொந்தக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்த விவசாயி வந்தார். சாவு நடந்த பிறகு நாங்கள் பழகப் போகவில்லை. அன்றைக்குத் தப்பட்டைகளை எடுத்து வைக்கத்தான் களத்தில் கூடியிருந்தோம். அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. தடியால் அடித்தார்கள். கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். என் மண்டையில் விழுந்த அடியில் கண் இருட்டி, வாயெல்லாம் உப்புக் கரித்தது. தப்பட்டைகளைக் குவித்து எங்கள் குச்சிகளைப் போட்டே கொளுத்தினார்கள். தோல் கருகிய நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. என்னுடையது மட்டும் காப்பிச் சாக்குக்கு அடியில் கிடந்து தப்பியது. அண்ணி தன்னுடையதைத் தோளிலிருந்து விடவில்லை. அடிக்குச்சியைச் சுழற்றி ஒருவனின் பல்லை உடைத்தாள். இன்னொருவனின் கையைக் கடித்துச் சதையைத் துப்பினாள். அந்த விவசாயி கவாத்துக் கத்தியோடு அவள் முன்னால் வந்தார். குத்துவார் என்றுதான் நினைத்தேன். கத்தியைத் தோலில் பாய்ச்சிக் கீழே இழுத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“உங்க மேளத்தக் கேட்டுக் கேட்டு அதுக்குப் பயம் உட்டுப்போச்சு. எம் பொண்டாட்டி கிட்டப் போயித் தட்டுனா. நின்னு கேட்டுச்சுங்க. நின்னு கேட்டுட்டுக் குத்துச்சு.”

அதுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கை அந்த வார்த்தையில் இறங்கிவிட்டது. இறங்கிய கையில்தான் ஒருவன் தடியால் அடித்தான். வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, “களத்துல வழுக்கி விழுந்துட்டேனுங்க” என்றாள். எங்களையும் அப்படியே சொல்ல வைத்தாள்.  என் தலையில் கட்டு. உன் வீம்புக்கு நாங்கள் அடி வாங்கினோம், இப்போது அவர்களைக் காப்பாற்றுகிறாயா என்று அந்த வராந்தாவிலேயே கத்தினேன்.  

கட்டுப்போட்டுக்கொண்டு ஜீப்பில் திரும்பும்போது வளைவில் அந்த நிலம் தெரிந்தது. பரணில் அந்த விவசாயியின் மருமகள் நின்றாள். மாமியாரின் வேலை அவளுக்கு வந்திருந்தது. நிறைமாத வயிறு. தப்பட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கேழ்வரகுக்குள் தலையை விட்டு அது மேய்ந்துகொண்டிருந்தது. நிதானமாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அண்ணி ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். அது தானாகப் புல்லுக்குள் போகிறவரை இறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். “புள்ளத்தாச்சி” என்றாள். பிறகு, “அவளையும் நின்னு கேக்குது” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் என்னைக் களத்துக்குக் கூட்டிப்போனாள். “நீ அடி. நான் எறியறேன்.” அவ்வளவுதான் சொன்னாள், எனக்குப் புரிந்துவிட்டது. தப்பட்டைச் சத்தம் என்றால் பயம் என்று அதற்கு மறுபடி ஏற வேண்டும். எங்களால் விட்டுப்போன பயம் எங்கள் கையாலேயே ஏற வேண்டும். ஃபாரஸ்ட் ஆட்களுக்குத் தெரிந்தால் ஜெயில் என்றேன். “போறேன்” என்றாள்.

மூடுபனியில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி, வழக்கமாக விழாவுக்கு அடிக்கிற அடியை ஆரம்பித்தேன். அது வந்தது. எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. காதை முன்னால் மடக்கி, அசை போட்டது. அண்ணி இடது கையால் வெடிக்கட்டைக் கொளுத்தி அதன் காலடியில் எறிந்தாள். அது துள்ளி, சேற்றில் சறுக்கி முட்டி போட்டு, எழுந்து ஓடியது. “நிறுத்தாத, அடி” என்றாள். நல்லது, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த சாயங்காலம் நான் அடித்ததும் அது மறுபடி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி அதைக் கெட்ட வார்த்தையால் திட்டினாள். “ஏன்டா வர்ற, போய்த் தொலைடா” என்று கத்திக்கொண்டே எறிந்தாள். பின்பும் சில நாள் அப்படியே போயின. அது கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான். எறிந்தால் எட்டாத தூரத்தில் நின்று கேட்டது.

கடைசி நாள், காப்பிக் கிளையில் சாக்கைச் சுற்றி டீசலில் முக்கிக் கொளுத்திக்கொண்டு சுவரைத் தாண்டிச் சேற்றில் இறங்கினாள். “நீ நிறுத்துன, கைய ஒடைச்சுப்போடுவேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நிறுத்தாமல் அடித்தேன். அவள் நேராக அதன் முன்னால் போனாள். அது அவளைத் தெரிந்த ஆளைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றது. தீயை அதன் முகத்தில் குத்தினாள். கண்ணில். அது போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. முடி பொசுங்கிய நாற்றம் களம் வரை வந்தது. அது கொம்பை வீசவில்லை, திரும்பி ஓடத்தான் பார்த்தது. திரும்புகையில் அதன் இடுப்பு இடித்து அவள் களத்துச் சுவரில் போய் மோதி விழுந்தாள். சேற்றில் கிடந்துகொண்டு, “அடி, அடி, அடி” என்றாள். காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு அது ஓடுகிற சத்தம் ஓடைக்கு அப்பால் போய் ஓய்கிறவரை அடித்தேன். பிறகு இறங்கிப்போய்த் தூக்கினேன். இடுப்பெலும்பு விட்டிருந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள். அதற்கு அவள் அழவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் மணிக்கட்டு முறிந்தபோது அழாதவள்.

அதன்பிறகு அக்கரைப் பரணில் முதல் தட்டு விழுந்ததுமே அது ஓடியது. ஒற்றைக் கண்ணோடு ஒரு காட்டெருமை திரிகிறது என்று ஃபாரஸ்ட் ஆட்கள் விசாரித்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த விவசாயி ஒரு பை ஆரஞ்சோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கிழிந்த தப்பட்டையைக் காட்டி, “தோல மாத்தித் தர்றனுங்க” என்றார். அண்ணி படுத்தபடியே, “வேண்டாமுங்க. புள்ளத்தாச்சியப் பரண்ல ஏத்தாதீங்க, மழைக்கு வழுக்கும்” என்றாள். அவர் பையை வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். “எத்தன விசேசத்துல அடிச்சிருப்போம் கண்ணு. எல்லாரும் சோத்தப் பாத்துக்கிட்டுத்தான் கேட்டாங்க. நின்னு கேட்டது அது ஒண்ணுதான்.”

அந்த ஒரு தடவைதான் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டாள்.

பிறகும் குழு நடந்தது. புதிதாகத் தப்பட்டைகள் வாங்கினோம். பழகுவதை ஒண்டிக்கடையில் நாலு சுவருக்குள், ஒரு குடோனில் வைத்துக்கொண்டோம். அண்ணி நொண்டிக்கொண்டே முன்னால் நின்று அடித்தாள். சர்க்கரை நோய் முற்றி அவள் போனபோது நாங்கள்தான் அடித்தோம். சாவு அடி கூடாது, விழா அடிதான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். பாடை களத்தைத் தாண்டும்போது கீழே சேற்றில் புல் விலகியது. பிறகு காப்பிச் செடிகள் மளமளவென்று முறிகிற சத்தம். கூட்டம் மிரண்டது. “பயப்படாதீங்க, ஓடுது, ஓடுது” என்று யாரோ நிம்மதியாகச் சொன்னார்கள். என் கை நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்த பிறகுதான் மறுபடி அடித்தேன்.

இப்போது எங்கள் குழுவுக்கு ஒரே நிறத்தில் சேலை, மேடை, மைக் எல்லாம் உண்டு. பந்தலுக்கு உள்ளேயே நிற்கிறோம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். போன வாரம் சேலத்திலிருந்து வந்த ஒரு தம்பி வழக்கம்போல எழுந்து சுவர்ப்பக்கம் போனான். கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தான். “பயங்கரமா குத்தியிருக்குதுங்க” என்றான். “அது போட்ட ஓட்டை இல்லீங்க சாமி” என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. தட்டுவதற்குக் கையை ஓங்கினான். நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, அவன் முகம் மாறியது.

“கிழிஞ்ச தோல்தானுங்களே, பெருசா சத்தம் வராதுங்களே” என்றான்.

“வேண்டாமுங்க” என்றேன். “சாயங்கால நேரம். கீழ சேத்துல அது மேஞ்சுக்கிட்டு இருக்கும்.”